மேலுக்குச் சொகமில்லை

எருமப்பட்டி
4-5-1980

அக்காளுக்கு,

ராசப்பன் எழுதுவது. உன் சுகத்தை விசாரித்துத் தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அதற்கு நீ அனுப்பும் பதில் எனக்கு மனப்பாடமாகிவிட்டதால் விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நாமகிரிப்பேட்டையில் உப்புச் சக்கரை மாற்றி என் கல்யாணத்தை உறுதி செய்தாயிற்று. பெண்ணின் பெயர் நல்லம்மாள். அவள் அப்பா கண்ணுசாமிக்குக் குச்சிக்கிழங்குத் தோட்டம், இரண்டு கிணறு. ஆவணி இருபதாம் தேதி முகூர்த்தம். பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கறதாச் சொன்னீங்களே, காணமுங்க?" பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மேலுக்குச் சொகமில்லீங்க" என்றார். மச்சான் போட்ட கார்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மூன்று வருஷமாக உனக்கு மேலுக்குச் சொகமில்லை. அப்பா திவசத்துக்குக் கூப்பிட்டேன், கால் நோவு என்றாய். மறு வருஷம் எருமை ஈனப்போகிறது என்றாய். மாரியம்மன் நோம்பிக்கு வராததற்கு நீ சொல்லி அனுப்பிய காரணத்தை ஆம்பளை நான் எழுதக் கூடாது. ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு தடவை அதையே சொன்னால் எனக்கே கணக்கு இடிக்கிறது.

அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. எனக்கு இருப்பது நீ ஒருத்தி. இணைச்சீர் இல்லாமல் நம் பக்கம் எவன் தாலி கட்டியிருக்கிறான்? கூறைச் சேலையின் ஒரு தலைப்பை நான் பிடித்தால் மறு தலைப்பை நீதான் பிடிக்க வேண்டும். ஆவணியில் உனக்கு எந்தச் சீக்கும் வரக் கூடாது, சொல்லிவிட்டேன்.

உன் தம்பி
ராசப்பன்


ஆட்டையாம்பட்டி
12-5-1980

தம்பி ராசப்பனுக்கு,

கார்டு எழுதத்தான் நேரமிருக்கிறது. நல்ல சேதி கேட்டு மச்சானும் நானும் மகள் செல்வியும் சந்தோஷப்பட்டோம். பெண் நல்ல இடம் என்று இங்கேயும் சொன்னார்கள். ஆவணியில் எனக்கு வரத் தோதுப்படாது போல இருக்கிறது. மேலுக்கு அடிக்கடி ஒத்துக்கொள்ளாமல் போகிறது. பெரியப்பா மகள் சென்னியம்மாள் உனக்கு அக்கா முறைதானே? இணைச்சீருக்கு அவளையே உட்கார வைத்துக்கொள். அவளுக்கு உடம்பும் வாட்டசாட்டம், கூறையும் எடுப்பாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதே. முன்னொரு கார்டில் மஞ்சள் மாட்டுக்கு வயிற்றுக்கடுப்பு என்றாயே, சரியாகிவிட்டதா?

அக்கா
சௌந்திரம்


எருமப்பட்டி
27-5-1980

அக்காளுக்கு,

மாட்டுக்குச் சரியாகிவிட்டது. மனுஷனுக்குத்தான் ஆகவில்லை.

சனிக்கிழமை நான் உன் வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். மூன்று பஸ் மாறி, பத்து மணி வெயிலில் வந்து நின்றேன். மச்சான் வாசலிலேயே என்னைப் பிடித்துக் கட்டிலைப் போட்டார். "வாங்க மாப்ள. சௌந்திரம் ஊட்டுல இல்லீங். சேலம் வரைக்கும் போயிருக்கறா. நேரமாகுமுங்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். பாவம், ஒப்பிக்க வராத பிள்ளையை வாத்தியார் எழுப்பிவிட்ட மாதிரி நின்றார்.

அப்புறம் செல்வி காப்பி கொண்டுவந்தாள். நுரை பொங்க, கறந்த சூடு ஆறாத பால். உன் எருமை உன்னைத் தவிர வேறு ஆள் மடியில் கை வைத்தால் உதைத்துத் தள்ளும் என்று மூன்று ஊருக்குத் தெரியும். மச்சானே ஒரு தடவை உதை வாங்கி ஒரு வாரம் நொண்டினார். சேலம் போனவள் எருமையை எப்படிக் கறந்தாள்?

நான் ஒன்றும் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது, இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

நான் என்ன தப்பு செய்தேன் அக்கா? அப்பா காரியத்தில் வாய் தவறி ஏதாவது பேசினேனா? வாழைத்தோட்டத்துப் பங்கில் மனக்கசப்பா? கேள், முழுதாக எழுதிக் கொடுக்கிறேன். திட்டுவதென்றாலும் திட்டு. இந்தச் சொகமில்லை, தோதில்லை, நேரமில்லை எல்லாம் இனிமேல் என்னிடம் வேண்டாம். காரணத்தை எழுது. இல்லையென்றால் இதுதான் நான் உனக்கு எழுதுகிற கடைசிக் காயிதம்.

ராசப்பன்


ஆட்டையாம்பட்டி
3-6-1980

சாமி, ராசப்பா,

இது கார்டில் எழுதுகிற சேதி இல்லை. மச்சானை அனுப்பி இன்லண்டு வாங்கிவரச் சொல்லி எழுதுகிறேன், நாலு பக்கமும் சோறு வைத்து ஒட்டப் போகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. பங்கும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். அன்றைக்கு நான் கதவுக்குப் பின்னால் சோளக் குதிரோடு ஒட்டித்தான் நின்றிருந்தேன். உன் சட்டைக் காலர் நைந்திருந்தது. இளைத்திருந்தாய். நீ காப்பியை ஊதி ஊதிக் குடித்தது வரைக்கும் பார்த்தேன். மச்சானைக் குறை சொல்லாதே. அவருக்குப் பொய் வராது, நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊரில் தேமல் பார்க்கிற இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்தார். என் வலது முழங்கைக்குக் கீழே ஒரு தேமல் இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "பஞ்சு பட்டா சொல்லுங்கம்மா" என்றார். நான் மூடிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "எப்பங்க தொடுவீங்க?" என்று கேட்டேன். அவர், "அஞ்சு தடவை தொட்டாச்சும்மா" என்றார்.

பெருநோய் என்று எழுத எனக்கே கை வரவில்லை. எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரியில் தொழுநோய் என்று சொல்கிறார்கள், அப்படிச் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது. அன்றிலிருந்து வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறேன், ஒரு நாள் தவறியதில்லை. என்னுடையது மற்றவர்க்குத் தொத்துகிற வகை இல்லை என்றார்கள். மச்சானையும் செல்வியையும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. தேமல் மங்கிவருகிறது. ஆனால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்கிப்போய்விட்டன. அந்தப் பக்கத்தில் உணர்ச்சி கிடையாது. ஒரு நாள் தோசைக்கல்லில் கை பட்டு வெந்த வாடை வந்த பிறகுதான் பார்த்தேன்.

தேமலை ஜாக்கெட்டில் மறைக்கலாம். விரலை எங்கே கொண்டுபோய் மறைப்பது? இணைச்சீரில் ஐந்நூறு பேர் பார்வையும் என் கையில்தான் இருக்கும். பெண் வீட்டார் ஒருத்தர் கண்ணில் பட்டால் போதும், மாப்பிள்ளை வீட்டில் பெருநோய் என்று பந்தல் காலோடு பிரித்துக்கொண்டு போவார்கள். உன் கல்யாணம் என்னால் நின்றது என்று நான் உயிரோடு இருந்து கேட்க வேண்டுமா?

அதனால் சொல்கிறேன், கேள். சென்னியம்மாளை உட்கார வை. எனக்கு மேலுக்குச் சொகமில்லை என்று எல்லோரிடமும் சொல். ஒருவிதத்தில் அது பொய்யும் இல்லையே. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஆளில்லாத நாளாகப் பார்த்து வந்து உன் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதை நினைத்து அழாதே.

அக்கா


எருமப்பட்டி
24-6-1980

அக்காளுக்கு,

காயிதத்தை எரிக்கவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

உடனே பதில் போடாததற்குக் காரணம், எனக்கு முதலில் பயம் வந்தது. ஒளிக்காமல் எழுதச் சொன்ன நானே ஒளிக்கக் கூடாது. சின்ன வயதில் நீ சாப்பிட்ட தட்டில் நான் சாப்பிட்டதெல்லாம் ஞாபகம் வந்து, கண்ணாடி எடுத்து முதுகைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் என் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. நாமக்கல் போய் அங்கே தொழுநோய் ஆபீஸ் இன்ஸ்பெக்டரைப் பிடித்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். நீ எழுதியதைத்தான் அவரும் சொன்னார். மருந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒளித்துவைத்து மருந்து சாப்பிடாமல் இருப்பவர்களைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும் என்றார்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். நீ திட்டுவாய். நாமகிரிப்பேட்டைக்குப் போய்ப் பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

தோட்டத்து வரப்பில் நின்று சொன்னேன். "என்ற அக்காளுக்குப் பெருநோய்ங்க. மருந்து தின்னுட்டு இருக்கறா. ஒளிச்சுக் கல்யாணம் பண்ண எனக்கு இஷ்டமில்லீங்க. அவதான் எனக்கு இணைச்சீர் செய்வா. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். வாய்க்காலில் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். கடைசியில், "கலந்துக்கிட்டுச் சொல்றனுங்க" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கே அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ராசப்பன்


ஆட்டையாம்பட்டி
28-6-1980

ராசப்பா,

அடப் பாவி! யாரைக் கேட்டுக்கொண்டு போய்ச் சொன்னாய்? சீக்கு என்னுடையது. அதை வரப்பில் வைத்து ஊரானிடம் சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது? மூன்று வருஷம் பக்கத்து வீட்டு அங்கம்மாளுக்குக்கூடத் தெரியாமல் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு வாழ்ந்தேனே, எல்லாம் போச்சு. நாளைக்குச் செல்வியைப் பெண் கேட்டு எவன் வருவான் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா?

கோபத்தில் எழுதுகிறேன். நீ எனக்காகத்தான் செய்தாய் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் கோபம் போகவில்லை. அவர்கள் பதில் வந்ததும் எழுது. நல்லதோ கெட்டதோ உடனே எழுது.

சௌந்திரம்


எருமப்பட்டி
12-7-1980

அக்காளுக்கு,

பதில் வந்துவிட்டது. கூறை எடுக்க ஆனி இருபத்தாறாம் தேதி இரு வீட்டாரும் சேலம் போவதாகப் பேசியிருந்தோம். அதற்கு முன்னால் கார்டு வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு மேலுக்குச் சொகமில்லாத காரணத்தால் துணி எடுக்க இப்போது வர இயலாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண்ணுசாமி."

பெரியப்பாவிடம் காட்டினேன். ஒரு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "முடிஞ்சுது போ. பொண்ணு ஊட்டுக்காரங்க முடியாதுன்னு எந்தக் காலத்துலடா சொல்லியிருக்கறாங்க? கோயில்ல பூ வாக்குக் கெடைக்கலீங்கம்பாங்க, பங்காளி ஊட்டுல துக்கமும்பாங்க, இல்லாட்டி மேலுக்குச் சொகமில்லீங்கம்பாங்க. பிறகு பாத்துக்கலாமுன்னா வேற எடம் பாருன்னு அர்த்தம்" என்றார். நீ மூன்று வருஷமாக எனக்கு எழுதிய அதே வார்த்தை. ஆத்திரத்தில் சிரிப்புக்கூட வந்தது.

மறுபடி போய்க் கெஞ்ச மாட்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை, நீயும் உன்னைச் சொல்லிக்கொள்ளாதே. போகட்டும். அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். காப்பி கொடுக்கும்போது சக்கரை போடவில்லை என்று ஞாபகம் வந்து திரும்பி ஓடினாள். அது மட்டும் அடிக்கடி நினைப்பு வருகிறது.

ராசப்பன்


ஆட்டையாம்பட்டி
19-7-1980

சாமி, ராசப்பா,

நீயும் உன் பெரியப்பாவும் நாசமாய்ப் போங்கள்! உட்கார்ந்து படி.

உன் காயிதம் வந்த மறுநாள் காலையில் நான் பஸ் ஏறினேன். மச்சானிடம் ராசிபுரம் சந்தைக்கு என்றேன். ராசிபுரத்தில் இறங்கி நாமகிரிப்பேட்டை பஸ் பிடித்தேன். மூன்று வருஷத்தில் ஆஸ்பத்திரி தவிர நான் போன முதல் ஊர். கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனாலும் ஒரு வார்த்தை மனதில் தயாராக வைத்திருந்தேன். "நான் பந்தல் பக்கமே வரமாட்டனுங்க, என் தம்பி ஊட்டுல கால் வைக்க மாட்டனுங்க, கல்யாணத்தை மட்டும் நிறுத்தாதீங்க" என்று காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று போனேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் கட்டிலில் ஒருத்தர் படுத்திருக்கிறார். கண் இரண்டும் மஞ்சள், உள்ளங்கை மஞ்சள். பக்கத்தில் கீழாநெல்லி அரைத்த கிண்ணம்.

"ஆருங்க?" என்றார்.

"எருமப்பட்டி ராசப்பனுக்கு அக்காளுங்க."

அவர் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். "அப்பாடி! ஒருத்தராச்சும் வந்தீங்களே! படுத்துப் பதினஞ்சு நாளாச்சு. மேலுக்குச் சொகமில்லைன்னு காயிதம் போட்டேன். சம்பந்தி ஊட்டுல இருந்து ஒரு சாத்துக்குடி வாங்கிட்டு எட்டிப் பாக்க நாதியில்லை. பொண்ணு வேண்டாமுன்னு நீங்கதான் ஒதுங்கிட்டீங்கன்னு நாங்க இங்க பேசிட்டுக் கெடக்கறோம்!"

"முடியாதுங்கறதைத்தான் அப்படி எழுதியிருக்கறீங்கன்னு நெனைச்சுட்டமுங்க" என்றேன்.

"அடக் கெரகமே! மேலுக்குச் சொகமில்லாதவன் வேற எப்படீங்க எழுதறது? கண்ணைப் பேத்துக் காயிதத்துல ஒட்டி அனுப்பட்டுமா?" என்று கத்தினார். கத்திவிட்டு மூச்சு வாங்கினார். அப்புறம் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்கு அழுகையும் வந்துவிட்டது.

அவர் சம்சாரம் முத்தாயம்மாள் ஒளிவு மறைவில்லாத பொம்பளை. "உங்க தம்பி வந்து சொன்ன அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க. பொய் சொல்லப்படாது. ராசிபுரத்துல டாக்டருகிட்டப் போயிக் கேட்டோம். மருந்து தின்னாப் பயமில்லைன்னாரு. பாதிப் பயம் போச்சு. மீதி இன்னும் இருக்குதுங்க, போயிருமுன்னு நெனைக்கறேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் எவளும் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை என்று எனக்குத் தோன்றியது.

உன் நல்லம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் பழக்கத்தில் இடது கையை நீட்டினேன். அவள் செம்பைக் கொடுக்காமல் நின்றாள். "சோத்துக் கையில வாங்குங்க, நங்கையா" என்றாள். நாத்தனார் முறை வைத்து நங்கையா என்று கூப்பிட்டாள், தம்பி! கல்யாணம் ஆகும் முன்னே. வலது கையை முந்தானையிலிருந்து எடுத்தேன். விரலைப் பார்த்தாள். "நோவுதுங்களா?" என்றாள். "நோவாது. நோவாததுதான் சீக்கே" என்றேன். அவள் செம்பு விழாமல் அடியில் தன் கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

நான் வரமாட்டேன் என்று தயாராக வைத்திருந்ததை அப்போதும் சொல்லிப் பார்த்தேன். கண்ணுசாமி கையை நீட்டித் தடுத்தார். "நீங்க வரலைன்னா பந்தலுக்கு வர்ற ஒறம்பரை எங்கிட்டத்தான் கேப்பாங்க. மாப்பிள்ளைக்கு அக்கா எங்கீன்னு. மேலுக்குச் சொகமில்லைன்னு சொல்லட்டுமா? ஒருத்தன் நம்புவானா இனி?" என்றார்.

அக்கா எழுதுகிறேன்: போய் அவரைப் பார். கையை வீசிக்கொண்டு போகாதே.

சௌந்திரம்


எருமப்பட்டி
25-7-1980

அக்காளுக்கு,

இரண்டு டஜன் சாத்துக்குடி, ஆறு இளநீர், ரொட்டி, அப்புறம் பெரியப்பாவையும் கூடத் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணுசாமி மாமா என்னை அரை மணி நேரம் திட்டினார். பெரியப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். பார்க்க வேண்டிய காட்சி. நல்லம்மாளை இந்தத் தடவை பார்க்க விடவில்லை. உள்ளே சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் பெரியப்பா மெதுவாக ஆரம்பித்தார். "எதுக்கும் இணைச்சீருக்குச் சென்னியம்மாளும் ஒரு பக்கம் தயாராவே இருக்கட்டும்டா. சீர் நடத்தற அருமைக்காரர் என்ன சொல்லுவாரோ" என்றார். நான் அருமைக்காரரிடமே நேராகப் போய் விவரமாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று துப்பிவிட்டு, "சாஸ்திரத்துல அக்கா வேணும்னுதான் இருக்குது. வெரல் நேரா இருக்கோணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை" என்றார். நாலு பேர் பேசத்தான் பேசுவார்கள். இரண்டு வீட்டுப் பங்காளிகள் சாப்பிடாமல் போகலாம். போகட்டும், சோறு மிச்சம்.

நீ பத்து நாள் முந்தியே வந்துவிடு. பட்டுச் சேலை உனக்கு மாம்பழ நிறத்தில் எடுக்கிறேன். குட்டைக் கைச் சட்டையே தைத்துக்கொள். புழுக்கம் அதிகமாக இருக்கும்.

ராசப்பன்


ஆட்டையாம்பட்டி
14-9-1980

தம்பி ராசப்பனுக்கும் நல்லம்மாளுக்கும்,

வந்து சேர்ந்து மூன்று நாளாகிறது. எருமை கோபத்தில் பாலை அடக்கிக்கொண்டது, நேற்றுத்தான் சமாதானமாயிற்று. செல்வி உங்கள் வீட்டு ஞாபகமாகவே இருக்கிறாள்.

பந்தலில் கூட்டம் இருந்ததால் உன்னிடம் ஒன்றும் பேச முடியவில்லை. உன் பங்காளிகள் மூன்று பேர் சாப்பிடாமல் எழுந்துபோனதைப் பார்த்தேன். சென்னியம்மாள் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையிலிருந்தே அப்பளத்தை உடைத்துத் தின்றாள். ஐந்நூறு பேரும் என் கையைப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். பார்த்தார்கள். ஒரு நாழிகை பார்த்தார்கள், அப்புறம் மேளக்காரர் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

ஒன்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இணைச்சீரில் அருமைக்காரர் கூறையின் தலைப்பை என் மடங்கின விரல்களுக்குள் வைத்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. துணி கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் எல்லோரும் என் விரலைப் பார்ப்பார்கள் என்று பார்க்கவும் இல்லை. நேராக நின்றுகொண்டு, விழுந்தால் என்ன ஆகும், அபசகுனம் என்பார்களே, எல்லாம் என்னால்தான் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது நீ உன் பக்கத்திலிருந்து லேசாக ஓர் இழுப்பு இழுத்தாய். வேண்டுமென்று செய்தாயோ தற்செயலோ, நான் கேட்கப் போவதில்லை. என் தோள் வரைக்கும் அது வந்து சேர்ந்தது. சேலை என் கையைவிட்டு வந்துவிடவில்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, தம்பி, நான் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று.

அக்கா
சௌந்திரம்